நிமிடத்துக்கு ஒரு ஜன்னல்

மார்ச் 3, செவ்வாய்

தம்பிக்கு,

நேற்றுக் காலை ஒன்பது பத்திலிருந்து உன் ஜன்னல் எங்கள் வீட்டுச் சுவரில் தெரியவில்லை. இதை நானே கண்ணால் பார்த்தேன். அது இருந்த இடத்தில் ஒரு சாம்பல் நிறக் கட்டம் இருக்கிறது. அதன் நடுவே 'இணைய மறுத்துவிட்டது' என்று ஒரு வரி.

எட்டு மாதத்துக்குப் பிறகு எழுதும் முதல் கடிதம் இப்படித் தொடங்குவது எனக்கே சங்கடம். போன் செய்திருக்கலாம். கடைசியாகப் பேசியபோது யார் முதலில் போனை வைத்தது என்பதில்கூட நமக்குள் ஒப்புதல் இல்லை. எழுத்தென்றால் அழித்துவிட்டு அனுப்பலாம். இந்தப் பத்தியை இரண்டு முறை அழித்திருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். யார் வேண்டுமானாலும் தன் இணையப் பக்கத்தை ஒரே கட்டளையில் கிளவுடுக்கு ஏற்றட்டும் என்று நீ பொதுவில் வைத்திருக்கும் 'பல்லக்கு' கருவிக்கு ஒரு மாதிரிப் பக்கம் உண்டல்லவா? உன் நாற்காலிக்குப் பின்னாலிருந்து மேசையையும் தெருப்பக்க ஜன்னலையும் நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்துக் காட்டுமே, அது. அதை என் வீட்டுப் பக்கத்துக்குள் பதித்து வைத்திருந்தேன். கூடத்துச் சுவரில் ஒரு திரை. மேலே கடிகாரம், இடப்புறம் மாத்திரை நேரங்கள், வலப்புறம் உன் ஜன்னல்.

உங்கள் வெளியீட்டுக் குறிப்பைப் படித்தேன். 'பாதுகாப்பு ஹெடர்கள் சேர்க்கப்பட்டன' என்று ஞாயிறு தேதியிட்டு இருக்கிறது. அதுதான் காரணமா? எப்படித் திறப்பது?

பெரிய காரியம் ஒன்றுமில்லை. அலங்காரத்துக்கு வைத்ததுதான்.

அக்கா

*

மார்ச் 4, புதன்

அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை செய்திக்காக. இரண்டாம் தடவை, திட்டு எங்கே என்று தேடி. மூன்றாம் தடவை, திட்டே இல்லையே என்ற கவலையில். இருபத்தாறு வருடம் பத்திரிகையில் எழுதியவளிடமிருந்து தம்பிக்குக் கடிதம் வந்தால், அதிலும் நேரமும் ஆதாரமும் முதல் வரியிலேயே வந்துவிடுகின்றன.

ஆமாம், ஹெடர்தான் காரணம். ஒரு பக்கம் உன்னிடம் வருவதற்கு முன்னால் சில வரிகள் வரும். உன் கண்ணுக்குத் தெரியாது, பிரவுசர் மட்டும் படிக்கும். பெரிய மனிதர் வருவதற்கு முன்னால் வந்து, 'ஐயாவுக்கு இனிப்பு ஆகாது, மின்விசிறிக்குக் கீழே உட்காரமாட்டார்' என்று சொல்லிவிட்டுப் போகும் உதவியாளர் மாதிரி. நாங்கள் மூன்று வரி சேர்த்தோம். ஒன்று, இனி ஒரு வருடத்துக்குப் பாதுகாப்பான வழியில் மட்டுமே என்னிடம் வா. இரண்டு, நான் கொடுக்காத கோட் எதையும் என் பெயரில் ஓடவிடாதே. மூன்றாவதுதான் உன் வில்லன்: வேறு எந்தப் பக்கமும் என்னைத் தனக்குள் வைத்துக் காட்டக் கூடாது.

விளையாட்டுக்குச் செய்யவில்லை. பல்லக்கைப் பயன்படுத்தும் ஒரு சின்ன நூலகத்தை ஒருவன் ஏமாற்றினான். அவன் பக்கத்தில் 'பரிசு' என்று ஒரு பொத்தான். அதன்மேல் எங்கள் நிர்வாகப் பக்கத்தைக் கண்ணாடி மாதிரித் தெரியாமல் போர்த்தியிருந்தான். நூலகர் பரிசை அழுத்தினார். உண்மையில் அழுந்தியது 'எல்லாவற்றையும் அழி'. பதினொரு வருடப் பட்டியல் போய்விட்டது. அன்றைக்கே முடிவு செய்தோம்: எல்லோருக்கும் சாத்து. விலக்கு கிடையாது. பாதுகாப்பில் அக்கா தம்பி இல்லை.

மாதிரிப் பக்கத்தை மட்டும் திறந்து வைக்கவும் முடியாது. ஊருக்குக் கொடுக்கும் மருந்தை நாங்களும் குடிக்கிறோம் என்று காட்டத்தானே அந்தப் பக்கம்? அதோடு, எதை மாற்றுவதானாலும் இரண்டு பேர் ஒப்புதல் வேண்டும். இன்னொருவர் ஒரு பெண். நேரில் பார்த்ததில்லை. அவளுக்கு நான் வைத்த பெயர் முட்டுக்கட்டை. அவளுக்கும் தெரியும், பெருமையாகச் சொல்லிக்கொள்கிறாள்.

ஒரு தமாஷ். எங்கள் சர்வர் பதிவில் ஒரு வருகையாளர் உண்டு. தினமும் காலை ஆறிலிருந்து மாலை முடியும்வரை, நிமிடம் தவறாமல் வந்து படத்தை எடுத்துப் போகும். யாரோ ஓடவிட்டு மறந்துபோன இயந்திரம் என்று நினைத்து 'விசுவாசி' என்று பெயர் வைத்தோம். திங்கள்கிழமையிலிருந்து அது கதவுவரை வந்து படத்தை எடுக்காமல் திரும்பிப் போகிறது. இப்போதுதான் புரிகிறது. அது உன் சுவரா? நீ அலுவலகத்தில் இருக்கும்போதும் யாருமில்லாத கூடத்துக்கு என் தெரு ஓடிக்கொண்டிருந்ததா? அலங்காரம்தான் என்றால் ஒரு மலைப்படம் மாட்டிக்கொள், அக்கா. மலை எந்த ஹெடரும் அனுப்பாது.

மாத்திரை நேரம் என்று எழுதியிருக்கிறாய். உனக்கு என்ன?

அப்பா எப்படி இருக்கிறார்? நான் கேட்டதாகச் சொல்லாதே.

தம்பி

*

மார்ச் 6, வெள்ளி

தம்பிக்கு,

அப்பா இன்று மதியம் சாப்பிடவில்லை. நேற்றும் பாதியில் எழுந்துவிட்டார். இரண்டு நாளும் எதிரில் உட்கார்ந்திருந்தது நான்தான்.

மாத்திரை எனக்கில்லை. இடுப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு, போன ஜூலையிலிருந்து அவர் என் வீட்டில்தான் இருக்கிறார். உன்னிடம் சொல்லக் கூடாது என்றார். அது பாதி உண்மை. மீதிப் பாதியையும் எழுதிவிடுகிறேன். அறுவைச் சிகிச்சையின்போது நீ வராமல் போனதற்கு, அவர் உன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பது உனக்குத் தெரியாமல் இருப்பதே தண்டனை என்று நினைத்தேன். எட்டு மாதம் அந்தத் தண்டனையை உனக்குத் தெரியாமலே கொடுத்துவந்தேன்.

முதலில் அந்தப் பக்கத்தைத் திரையில் வைத்தபோது இது யாருடைய ஜன்னல் என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் பழைய பதிவேடு ஒன்று வாங்கிவரச் சொன்னார். ரயில்வே சிக்னல் கேபினில் முப்பத்தொரு வருடம் ஜன்னல் வழியே பார்த்து நேரம் குறித்த மனிதர் அல்லவா? அதே மாதிரிக் கோடு போட்டுக்கொண்டார். சில வரிகளைத் தருகிறேன். கையெழுத்து அவருடையது, நான் எதையும் சேர்க்கவில்லை.

'7.42. எதிர் மாடி அம்மா செடிக்குத் தண்ணீர். கீழே போனவர் தலையில் சொட்டியது. அண்ணாந்து பார்த்தார், திட்டவில்லை.'

'11.05. வெயில் மேசை ஓரத்துக்கு வந்துவிட்டது. நேற்றைவிட இரண்டு நிமிடம் முன்னால்.'

'16.20. மழை. ஜன்னல் சாத்தப்படவில்லை. 16.31. இன்னும் சாத்தப்படவில்லை. 16.33. சாத்தினான். கையில் கட்டு. வலது கை.'

அது ஜனவரி பதினான்கு. அன்று சாயங்காலம் என்னிடம், "கையில கட்டு இருந்தா தாழ்ப்பாள் போட வருமா?" என்று கேட்டார். யாரைப் பற்றி என்று எனக்கு அப்போது புரியவில்லை. 'சாத்தினான்' என்று எழுதியதை நேற்றுத்தான் பார்த்தேன். முதல் நாளிலிருந்தே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

திங்கள்கிழமை வரி இது: '9.10. தகவல் இல்லை.' அதன் கீழே ஒரு கோடு. கேபினில் தகவல் இல்லை என்றால் எந்த வண்டியும் நகராது. அவரும் நகரவில்லை. புதன்கிழமை உன் பக்கத்தை மட்டும் திரை முழுக்கத் திறந்து பார்த்தேன். கடிகாரமும் மாத்திரை நேரமும் மறைந்துபோய், மதிய மாத்திரை தவறியது. "வேணாம்மா. அவன் சாத்திட்டான்னா ஏதாவது காரணம் இருக்கும். பழையபடியே வை" என்றார். இப்போது சாம்பல் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

அலங்காரம் என்று எழுதியது பொய். திருத்தம் வெளியிடுகிறேன்.

அக்கா

*

மார்ச் 7, சனி

அக்கா,

கை, டின் மூடி கிழித்தது. ஆறு தையல். ஆறிவிட்டது. முதலில் இதை அவரிடம் சொல்.

கடிதம் வந்ததும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு பத்து நிமிடத்தில் ஒரு தனிப் பக்கம் செய்தேன். பல்லக்கு வழியாக இல்லை, பழைய சர்வர் ஒன்றில் கையால் ஏற்றினேன். அதில் ஹெடர் எதுவும் கிடையாது. முகவரி கீழே இருக்கிறது. உன் திரையில் பழைய முகவரிக்குப் பதிலாக இதைப் போடு.

நான் ஏன் வரவில்லை என்று நீ கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். அந்த வாரம் கருவியில் ஒரு பெரிய ஓட்டை. நாலு நாளில் வருகிறேன் என்றேன். அவர் 'வேணாம், வராதே' என்றார். வராதே என்றால் வா என்று அர்த்தம் என்பது உனக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குச் சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொள்ளும் மூளை. அதை வைத்துத்தான் பிழைப்பு நடக்கிறது. நாலு நாள் கழித்து ஓட்டை அடைபட்டது. அப்புறம், வராதே என்றவரிடம் எந்த முகத்தோடு போவது என்று ஒரு வாரம். பிறகு உன் போன். நீதான் முதலில் வைத்தாய்.

எட்டு மாதம் இந்த மேசையில் சட்டை போடாமல் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறேன். தட்டைக் கழுவாமல் ஜன்னல் விளிம்பில் வைத்திருக்கிறேன். எல்லாம் அந்தப் பதிவேட்டில் இருக்கிறதா?

இன்று காலை வெளிச்சம் மேசை ஓரத்துக்கு எப்போது வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். 10.51. நானே அதைக் கவனித்ததில்லை. அது வரும்போது மரத்தின் நிறம் மாறுகிறது. நீரில் மூழ்கியது எழுந்து வருவதுபோல. எழுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஒருவர் எனக்காக இதைப் பார்த்திருக்கிறார்.

தம்பி

*

மார்ச் 10, செவ்வாய்

தம்பிக்கு,

உன் புதுப் பக்கத்தை அப்பா பதினொரு நிமிடம் பார்த்தார். பிறகு அணைக்கச் சொன்னார். நேரம் பதிவேட்டில் இருக்கிறது: ஞாயிறு, 8.04 முதல் 8.15.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"இவன் எதுக்கு முழுக்கைச் சட்டை போட்டுக்கிட்டு உக்காந்திருக்கான்?"

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"தலை வேற சீவியிருக்கான். பொண்ணு பாக்கவா வர்றாங்க?"

"வேலை ஏதாவது இருக்கும்பா."

"ஞாயித்துக்கெழம காலையில எட்டு மணிக்கா? சொல்லிட்டியா அவன்கிட்ட?"

"சொல்லிட்டேன்."

கோபம் வருமென்று காத்திருந்தேன், வரவில்லை.

"தப்பு அவன் மேல இல்ல. லைன் கிளியர் கேக்காம வண்டிய விட்டது நான்தான். அடுத்த கேபின்காரன் வரலாம்னு சொல்லாம இந்தப் பக்கத்துலருந்து ஒரு தள்ளுவண்டியக்கூட விட்டதில்ல, முப்பத்தொரு வருஷத்துல. இங்க எட்டு மாசம் விட்டிருக்கேன்."

"அவனுக்கு அதுல வருத்தமில்லப்பா. இந்தப் பக்கத்தை உங்களுக்குன்னே செஞ்சு குடுத்திருக்கான்."

"அது குறுக்கு வழி. ஊருக்கெல்லாம் கதவச் சாத்திட்டு, அப்பனுக்குன்னு பின்பக்கம் ஒரு ஓட்டை. அந்த நூலகத்துக்காரர் கேட்டா என்ன சொல்லுவான்?" நூலகத்தின் கதையை நான் முந்தின நாள்தான் சொல்லியிருந்தேன். பிறகு கேட்டார்: "கேட்டு வாங்குற மாதிரி அந்தச் சட்டத்துல ஏதும் வழி இருக்கா? இல்ல, மொத்தமா எல்லாருக்கும் சாத்துனதுதானா?"

இது கருவிக்காரனுக்கான கேள்வி. உனக்கு அனுப்புகிறேன்.

சாப்பாடு: ஞாயிறு சுமார், திங்கள் சுமார், இன்று கேட்டு வாங்கி இரண்டாம் முறை போட்டுக்கொண்டார். நானும் இரண்டு நாளாக நன்றாகத் தூங்குகிறேன். உன்னிடம் மறைப்பது இவ்வளவு கனமாக இருந்தது தெரியாமலே தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

போனை முதலில் வைத்தது நீ.

அக்கா

*

மார்ச் 12, வியாழன்

அக்கா,

வழி இருக்கிறது. நாங்கள்தான் சோம்பேறித்தனமாக ஒரே பூட்டாகப் போட்டுவிட்டோம். அந்த ஹெடரில் 'யாருமில்லை' என்று எழுதும் இடத்தில் ஒரு பெயர்ப் பட்டியலும் எழுதலாம். இன்ன இன்ன பக்கங்கள் மட்டும் என்னை உள்ளே வைத்துக் காட்டலாம் என்று. பட்டியல் காலியாக இருந்தால் எல்லோருக்கும் சாத்தியதாகத்தான் அர்த்தம். அதைப் பல்லக்கில் ஒரு வசதியாகவே எழுதி, இன்று காலை பத்து மணிக்குப் பொதுவில் ஒப்புதலுக்கு வைத்தேன். எல்லோருக்குமான கதவு, பின்பக்க ஓட்டை இல்லை என்று அவரிடம் சொல். அந்தப் புதுப் பக்கத்தை அழித்துவிட்டேன்.

முட்டுக்கட்டை தன் வேலையைக் காட்டினாள்.

"யாருக்காக இது?" என்று எழுதினாள்.

"எங்க அப்பாவுக்காக."

"அப்பாங்கறது ஒரு காரணமில்ல."

"உனக்கு அப்பா இருக்காரா?"

"பேச்ச மாத்தாத. ஒரு பேரு தப்பாப் போட்டாக்கூட அந்த நூலகம் மாதிரி இன்னொண்ணு ஆயிடும்."

முழுக் கதையையும் எழுதினேன். பதிவேடு, தகவல் இல்லை, லைன் கிளியர் எல்லாம். ஒரு மணி நேரம் கழித்து நாலு நிபந்தனை வந்தது. முழு முகவரிதான் போட வேண்டும், 'எல்லோரும்' என்பதற்கான நட்சத்திரக் குறி கூடாது. நிர்வாகப் பக்கத்துக்கு இந்தப் பட்டியலே செல்லாது. சேர்த்த தேதி பதிவாக வேண்டும். நாலாவதாக: "உங்க அப்பா கேபின்ல கேக்கறவன் ஒருத்தன், குடுக்கறவன் ஒருத்தன். நீ குடுக்கறத மட்டும்தானே எழுதியிருக்க? கேக்கறது எங்க?"

அது உறைத்தது. உன் வீட்டுப் பக்கமும் பல்லக்கில் ஏற்றியதுதானே? அதுவும் இப்போது சாத்தியிருக்கிறது. நீங்கள் என்னைப் பார்க்கலாம், நான் உங்களைப் பார்க்க முடியாது. எட்டு மாதம் அப்படித்தான் இருந்தது, எனக்குத் தெரியாததால் வலிக்கவில்லை.

மதியம் மேசையில் கண் அசந்தேன். கனவில் உன் கூடத்துக்குள் நடந்து வருகிறேன். சுவரில் என் ஜன்னல். அதில் மழை; உன் தரையெல்லாம் ஈரம். சாத்தப் போகிறேன், கை எட்டவில்லை. அப்பா எழுந்திருக்காமல் கைத்தடியை நீட்டிச் சாத்துகிறார். சத்தமே இல்லை. விழித்தபோது இங்கே வெயில் சுத்தமாக அடித்துக்கொண்டிருந்தது.

ஆகவே முறைப்படி:

கேட்பு எண் 1. அப்பா உட்காரும் இடத்து ஜன்னலை, நிமிடத்துக்கு ஒரு படமாக, என் மேசைத் திரையில் வைத்துப் பார்க்க அனுமதி வேண்டும். பதிலுக்கு என் ஜன்னல்.

தம்பி

*

மார்ச் 15, ஞாயிறு

தம்பிக்கு,

உன் கேட்பை அப்பா ஏற்கவில்லை. காரணத்தை அவரே சொன்னார்: "எண் போட்டிருக்கான். நேரம் போடல. நேரமில்லாத கேட்பு செல்லாது. திருப்பி அனுப்பு."

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடிதத்தை மறுபடி வாங்கி, கனவு இருந்த பத்தியில் விரலை வைத்துப் படித்தார். "ஈரத்துல நடந்தானாமா?" என்றார். அவ்வளவுதான்.

இரண்டு கேள்வி கொடுத்திருக்கிறார். ஒன்று, பட்டியலில் போட்ட பெயரைப் பிறகு எடுக்க முடியுமா? இரண்டு, எடுத்தால் எடுக்கப்பட்டவருக்குத் தெரியுமா?

இந்தக் கேள்விகளை அவர் கருவியைப் பற்றித்தான் கேட்டார் என்று என்னால் உறுதி சொல்ல முடியவில்லை.

என் பங்குக்கும் ஒன்று. 'இனி போன் செய்யாதே' என்று நான் அன்றைக்குச் சொன்னதை நீ சொன்னபடி எடுத்துக்கொண்டாய். உன் மூளையைப் பற்றி நீ எழுதியதைப் படித்த பிறகுதான் அது நினைவுக்கு வந்தது. எனக்கு உன் மூளை தெரியும். தெரிந்தும் சொன்னேன்.

அக்கா

*

மார்ச் 16, திங்கள், காலை 7.40

அப்பாவுக்கு (அக்கா படித்துக் காட்டவும்),

கேட்பு எண் 2. நேரம் 7.40. தேதி மேலே. கேட்பவர்: மகன். கேட்பது: உங்கள் ஜன்னல், நிமிடத்துக்கு ஒரு படம், காலை ஆறிலிருந்து நீங்கள் போதும் என்கிறவரை.

முதல் கேள்விக்குப் பதில்: எடுக்கலாம். எடுத்த அடுத்த நிமிடமே கதவு சாத்திக்கொள்ளும். ஒரு வருடத்துக்கு நினைவில் வை என்று சொல்லும் வரி ஒன்று உண்டு. அது வேறு ஹெடர், இதற்குப் பொருந்தாது. இங்கே நினைவு ஒரு நிமிடம்தான். ஒவ்வொரு நிமிடமும் பிரவுசர் புதிதாகக் கேட்கும், சர்வர் புதிதாகச் சரி என்று சொல்ல வேண்டும்.

இரண்டாவதற்கு: தெரியும். சாம்பல் கட்டம் வரும். ஏன் என்று மட்டும் தெரியாது. அந்தக் காரணத்தை எழுத அதில் இடமே இல்லை. அதை ஆள்தான் சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை. வராதே என்றீர்கள், சரி என்று இருந்துவிட்டேன். ஏன் என்று கேட்டிருக்கலாம். வந்தே கேட்டிருக்கலாம்.

கை நன்றாக இருக்கிறது. தாழ்ப்பாள் போட வருகிறது.

மகன்

*

மார்ச் 17, செவ்வாய்

தம்பிக்கு,

உன் கேட்பு பதிவாகிவிட்டது. நேற்று மாலை 5.25க்கு அப்பா பதிவேட்டில் புதுப் பக்கம் திருப்பி, இடப்புறம் உன் எண்ணையும் நேரத்தையும் தன் கையால் எழுதினார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். வலப்புறம், பதில் எழுதும் கட்டம், காலியாக இருக்கிறது.

உன் கடிதத்தை ஒரு முறைதான் படித்துக் காட்டினேன். 'வந்தே கேட்டிருக்கலாம்' என்ற இடத்தில் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். கையை இறக்கி, "மேல படி" என்றார்.

"பதில் என்னப்பா எழுதட்டும்?"

"நீ எழுத வேணாம். நான் எழுதுவேன். பாதை இன்னும் தயாராகலயே, அதுக்குள்ள லைன் கிளியர் குடுக்கச் சொல்றியா?"

பாதை பற்றி இன்று உங்கள் பொதுப் பக்கத்தில் பார்த்தேன். உன் திருத்தத்துக்கு இரண்டு ஒப்புதலில் ஒன்று உன்னுடையது. முட்டுக்கட்டை என்று நீ சொல்லும் அந்தப் பெண் நேற்று ஒரு வரி எழுதியிருக்கிறாள்: 'குறை எதுவும் தெரியவில்லை. ஏழு நாள் ஆட்சேபக் காலம் முடிந்ததும் ஒப்புதல் தருவேன்.' பன்னிரண்டாம் தேதி பத்து மணியிலிருந்து கணக்குப் போட்டால் நாளை மறுநாள் பத்து மணி. இதுவரை ஆட்சேபம் வரவில்லை. நூலகர் ஒருவர் மட்டும், பட்டியல் காலியாக இருந்தால் சாத்தியே இருக்குமா என்று கேட்டு உறுதி வாங்கிக்கொண்டிருக்கிறார். அவரேதானா என்று தெரியவில்லை.

அப்பாவிடம் இதைச் சொன்னேன். பேனாவைப் பதிவேட்டுக்குள் வைத்து மூடினார். பிறகு, தான் உட்காரும் ஜன்னலின் கண்ணாடியைத் துடைக்கச் சொன்னார். வெளிப்பக்கமும்.

நிலுவையில் இருப்பவை இரண்டு. அவளுடைய ஒப்புதல், வியாழன் பத்து மணிக்கு. அப்பாவின் பதில், அதற்குப் பிறகு, அவருடைய நேரத்தில், அவருடைய கையெழுத்தில்.

அக்கா